தளவாய் கேட்ட கப்பலும் அமைச்சர் கேட்ட படகும்

நம் கரைப் பக்கம் பீரங்கி வந்து சேர்ந்த புதிதில், கழிமுகநாடு என்ற சீமையை மகரகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு எதுவும் பெரிதாக இருக்க வேண்டும். குடை பெரிது, குதிரை பெரிது, கோபமும் பெரிது. அந்தக் கோபம் சாப்பாட்டு வேளைக்குள் தணிந்துவிடும் என்பதுதான் அவையில் இருந்தவர்களுக்கு ஆறுதல்.

அந்த நாட்டில் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் உப்பளக் கிராமங்கள் இருந்தன. கடல் ஏறும் நேரம் பார்த்துக் கொள்ளையர்கள் படகுகளில் உப்பங்கழிக்குள் நுழைந்தார்கள். ஆட்களைப் பிடித்துப் போய் அயல்துறைகளில் விற்றார்கள். ராஜாவின் கப்பல்கள் கழிக்குள் வந்தால் தரைதட்டின. வள்ளங்களில் விரட்டிப் போன வீரர்களோ துப்பாக்கிக் குண்டுக்கு மறைப்பில்லாமல் மடிந்தார்கள்.

அமைச்சர் செவ்வந்தியப்பர் அந்தக் கிராமங்களுக்கு நேரில் போய் வந்தார். ஏற்றிய உலை அடுப்பிலேயே இருக்க, ஆளில்லாமல் கிடந்த வீடுகளைப் பார்த்ததும் அவருக்கு மனசே சரியில்லை. நேராக அவைக்கு வந்தார்.

"மகாராஜா, சின்னப் படகுகளாகச் செய்வோம். அடி தட்டையாக இருக்கட்டும். முகப்பில் மட்டும் கனத்த இரும்புத் தகடு, அதன் பின்னால் ஒரே ஒரு பீரங்கி. முழங்கால் தண்ணீரிலும் போகும்."

தளவாய் ரணசிங்கன் சிரித்தார். வீரர்தான், ஆனால் ராஜா அமைச்சரிடம் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசினால் அன்று அவருக்குத் தூக்கம் வராது.

"அமைச்சர் தொன்னையில் பீரங்கி வைக்கச் சொல்கிறார். மகரகேது மகாராஜாவின் போர்க்கலத்தைப் பார்த்ததுமே எதிரி நடுங்க வேண்டாமா? மேலிருந்து கீழ்வரை இரும்பு. இரண்டு பக்கமும் வரிசையாகப் பீரங்கி. நடுவில் தங்களுக்கு ஒரு கொலுமண்டபம்."

ராஜா முன்னால் சாய்ந்தார். "கொலுமண்டபமா? தூண்கள் உண்டா?"

"உண்டு மகாராஜா."

செவ்வந்தியப்பர் மனசுக்குள் கணக்குப் போட்டார். தூண் வைத்த கப்பலை முடிப்பதற்குள் உப்பளத்தில் ஆளே மிஞ்சாது. ஆனால் எதிர்த்துப் பேசினால் ராஜாவின் பிடிவாதம் இன்னும் இறுகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"தளவாய் சொல்வது அழகான கப்பல்," என்றார். "செய்யும் முன் ஒரு வேடிக்கை பார்த்துவிடலாம். நாளை கடல் வற்றியதும் கழிச்சேற்றில் ஒரு கொடி நடுவோம். தளவாய் தம் கப்பலைப் போல் உடுத்தி வரட்டும், நான் என் படகைப் போல் வருகிறேன். எதிரியின் குண்டுக்குப் பதில் காவலர்கள் களிமண் உருண்டை எறியட்டும். கொடியை எடுப்பவர் சொல்வதைச் செய்வோம். தோற்றால் என் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறேன்."

வேடிக்கை என்றால் ராஜா விடுவாரா? தளவாயும் உடனே ஒப்புக்கொண்டார். அரண்மனைப் படி ஏறவே மூச்சு வாங்குகிறவர் அமைச்சர்.

மறுநாள் கரையெல்லாம் கூட்டம். தளவாய் உச்சி முதல் பாதம் வரை இரும்புக் கவசம் பூண்டு, இரண்டு தோளிலும் துப்பாக்கி சுமந்து வந்தார். அமைச்சரோ மார்பில் ஒரு தகடு, கையில் ஒரு துப்பாக்கி, காலடியில் அகலமான இரண்டு பலகைகளோடு நின்றார்.

"காலில் என்ன அமைச்சரே, வீட்டுக் கதவா?" என்றார் ராஜா.

"பாதிக் கதவு மகாராஜா. மீதி வீட்டில் இருக்கிறது."

முரசு ஒலித்தது. தளவாய் பெரிய பெரிய எட்டாக வைத்தார். அடுத்தடுத்த எட்டில் கணுக்கால் புதைந்தது, முழங்கால் புதைந்தது, பிறகு இடுப்பு. அமைச்சர் பலகையைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தார். உருண்டைகள் வந்த பக்கமே மார்பைத் திருப்பி வைத்துக்கொண்டார். ஒன்று மட்டும் காதில் பட்டு உறைத்தது. பலகை ஒருமுறை வழுக்கியபோது, இனி உப்பளத்து மக்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நெஞ்சு திடுக்கிட்டது. சமாளித்து நிமிர்ந்து, கொடியைப் பிடுங்கிவிட்டார்.

திரும்பும் வழியில் தளவாயருகே நின்றார். "கப்பல் நகருமா?"

"நங்கூரம் போட்டிருக்கிறேன்," என்றார் தளவாய் விறைப்பாக.

சற்று நேரத்தில் கடல் ஏறத் தொடங்கியது. தண்ணீர் மார்பைத் தொட்டதும் தளவாயின் குரல் தாழ்ந்தது. "ஐயா, வார்களை அவிழ்த்துவிடுங்கள்."

அமைச்சர் கவச வார்களை அறுத்தார். கொடிக்கம்பை நீட்டி அவரைப் பலகைமேல் இழுத்துப் போட்டார். இரும்பெல்லாம் சேற்றோடு போயிற்று.

விழுந்து விழுந்து சிரித்த ராஜா சட்டென்று நிறுத்தினார். "அந்த இடத்தில் என் கொலுமண்டபம் நின்றிருக்கும், இல்லையா?"

"தூண்களோடு, மகாராஜா."

சின்னப் படகுகளுக்கு அன்றே உத்தரவாயிற்று. "யார் நடத்துவது?" என்று ராஜா கேட்டபோது, பதவி போயிற்று என்று தளவாய் தலைகுனிந்து நின்றார்.

"தளவாய்தான் நடத்த வேண்டும்," என்றார் செவ்வந்தியப்பர். "எனக்குப் படகில் ஏறினாலே குமட்டும். வீரத்துக்கு அவர்தான். கழிச்சேற்றின் ஆழமும் இந்த அவையில் அவருக்குத்தான் தெரியும்."

அவை சிரித்தது. கொஞ்சம் பொறுத்துத் தளவாயும் சிரித்தார்.

அடுத்த முறை கொள்ளையர் வந்தபோது படகுகள் கழியோரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் மறைந்திருந்தன. அவர்களுடைய குண்டுகள் முகப்புத் தகட்டில் பட்டுத் தெறித்தன. படகுக்கு ஒன்றாகப் பீரங்கிகள் முழங்கின. ஓடப் பார்த்தவர்களைத் தளவாய் வாய்க்கால் வாய்க்காலாகத் துரத்திப் பிடித்தார். பிடிபட்ட தலைவனைப் பிணையாக வைத்துக்கொண்டு, முன்பு விற்கப்பட்டவர்களில் பலரையும் மீட்டார்கள்.

ராஜா அமைச்சருக்கு முத்துமாலை சூட்டினார். தளவாயைப் பார்த்து, "உமக்கு என்ன வேண்டும்?" என்றார்.

"அமைச்சருக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு மாலை, மகாராஜா," என்றார் தளவாய். "கூடக் கொடுத்தால் எனக்கு வெட்கம். சமமாகக் கொடுத்தால் பழைய புத்தி திரும்பி வந்துவிடும்."

ராஜா தம் கழுத்திலிருந்தே ஒரு சின்ன மாலையைக் கழற்றிக் கொடுத்தார். அதன் பிறகு அந்தக் கழியில் உப்பு விளைந்தது, ஆட்கள் தொலையவில்லை.