அண்ணாச்சி அடித்த மணி

மலையடிவாரத்தில் வடிவம்மை நடத்திவந்த மடத்தில் சாப்பாட்டுக்குச் சங்கு ஊதுவார்கள். மணியும் ஒன்று உண்டு. அதை ஆபத்துக்கு மட்டும்தான் அடிக்கலாம். அடித்த கையோடு என்ன ஆபத்து என்று கத்திச் சொல்லியும் விட வேண்டும். அடுப்படிக்கு ஓலைக்கூரை. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. வேலியோரமெல்லாம் பாம்பு. அதனால் அந்த ஏற்பாடு.

வாரம் தவறாமல் அங்கே வருகிற சீடர்களில் ஒருவர் தெய்வநாயகம். டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். குருவைவிட இருபது வயது மூத்தவர். குரு அவரை 'அண்ணாச்சி' என்பார். அவர் குருவை 'அம்மா' என்பார்.

அன்று மத்தியானம் அவர் வந்த வேகத்தில் ஒரு செருப்பு வாசலிலும் மற்றது முற்றத்திலுமாகக் கிடந்தன.

"அம்மா, ஒரே டென்ஷன்!"

வடிவம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"போன வாரமும் அதைத்தானே சொன்னீங்க?"

"அது குக்கர் லோடு வராத டென்ஷன்."

"அதுக்கு முந்தின வாரம்?"

"மச்சினன் எனக்குச் சொல்லாம புதுவீட்டுல பால் காய்ச்சிட்டான். அந்த டென்ஷன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்குப் பொண்ணால டென்ஷன்."

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் செல்வி ரயில்வே பரீட்சை எழுதி, பயிற்சியும் முடித்து, எஞ்சினில் உதவி ஓட்டுநர் ஆகியிருந்தாள். சொந்த ஊர் வழியாகப் போகிற வண்டியில் இன்றுதான் அவளுக்கு முதல் முறையாக வேலை. நேற்று போன் பண்ணினாள்.

"அப்பா, நாளைக்குச் சாயந்திரம் நாலே காலுக்கு நம்ம ஸ்டேஷன்ல வண்டி நிக்கும். ரெண்டே நிமிஷம். பிளாட்பாரத்துக்கு வாரியளாப்பா?"

"எனக்கு ரொம்ப டென்ஷனா இருக்கு. நான் வரல."

"கோவம் இன்னும் ஆறலையாப்பா?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வந்த வரனை வேண்டாம் என்று சொல்லி அவள் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தபோது, "என்னை டென்ஷன் பண்ணாத" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு மாசக்கணக்கில் பேசாமல் இருந்தவர் அவர்.

"இப்போ கோவமே இல்லம்மா. அது எப்பவோ போச்சு. திருப்பித் திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கல. வண்டியில ஏறிட்டா போனை அணைச்சு வச்சிருவா. ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல. இந்த டென்ஷன் போக ஒரு வழி சொல்லுங்கம்மா."

வடிவம்மை கையிலிருந்த கீரைக்காம்பால் மணியைக் காட்டினார்.

"போய் அதை அடிங்க."

இது ஏதோ பரிகாரம் என்று தெய்வநாயகம் எண்ணிக்கொண்டார். குரு சொல்லை ஒரு நாளும் தட்டியவரில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். கயிற்றைப் பிடித்துத் தன் டென்ஷன் முழுவதையும் அதில் இறக்கி இழுத்தார். புளியமரத்துக் காக்கைகள் அத்தனையும் பறந்தன.

அடுப்படியிலிருந்து பேச்சியம்மாள் தண்ணீர் சொட்டச் சொட்ட ஈரச்சாக்கோடு ஓடிவந்தாள். தோட்டத்திலிருந்து சுடலைமுத்து மூங்கில் கம்போடு பாய்ந்து வந்தான். ஆவுடையப்பன் கிணற்றுக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வேகத்தில் சாணக்குவியலில் சறுக்கி, எழுந்து, மறுபடியும் ஓடிவந்தான்.

"என்ன அண்ணாச்சி? என்ன? என்ன?"

மணி அடித்தவர் சொல்லித்தானே ஆக வேண்டும்? தெய்வநாயகம் அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"டென்ஷன்!"

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

"எங்கன?" என்றான் சுடலைமுத்து, ஓங்கிய கம்பை இறக்காமல்.

"கிணத்துக்குள்ளயா?" என்றான் ஆவுடையப்பன்.

"இல்லப்பா. இங்க..." என்று அவர் நெஞ்சைத் தொட்டார்.

"அய்யய்யோ, நெஞ்சுவலி! ஆட்டோவுக்குச் சொல்லுங்கடே!" என்று பேச்சியம்மாள் கையிலிருந்த ஈரச்சாக்கை அவர் தலையில் போட்டாள். அது எதற்கு என்று அவளுக்கே தெரியாது. கையில் அதுதான் இருந்தது.

"நெஞ்சுவலி இல்ல தாயி! டென்ஷன்!"

"அதான் என்னன்னு கேக்கோம்! சொன்னாத்தானே தெரியும், எதைக் கொண்டு வரணும்னு?"

வடிவம்மை கீரையை முறத்தோடு ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, நேத்து போன்லயும் நீங்க இந்த மணியைத்தான் அடிச்சீங்க. உங்க பிள்ளை எதைத் தூக்கிட்டு ஓடி வரணும்?"

சாக்குத் தண்ணீர் மூக்கு வழியாக வடிந்தது. தெய்வநாயகம் அதைப் புறங்கையால் வழித்துவிட்டார்.

"பயம்மா," என்றார். "அத்தனை ஜனத்தையும் இழுத்துட்டுப் போறா. என் தோள்ல உக்காந்து ரயில் பாத்த பிள்ளை."

மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"பெருமையும்தான். போய் நின்னா நாலு பேரு பாக்க அழுதிருவேன். அதுக்கும் பயம்."

"மணி என்ன ஆவுது?" என்றார் வடிவம்மை.

"நாலு!" என்றான் ஆவுடையப்பன்.

சுடலைமுத்து கம்பை வீசிவிட்டு மொபெட்டை உதைத்தான். "ஏறுங்க அண்ணாச்சி!"

செருப்பைத் தேட நேரமில்லை. தலையில் சாக்கு இருப்பது அவருக்கு ரயில்வே கேட் தாண்டித்தான் தெரிந்தது. மேட்டில் மொபெட் திணறியது. "இறங்கித் தள்ளவா?" என்றார். "பேசாம இருங்க!" என்றான். இறக்கத்தில் பறந்தார்கள். அவர்கள் ஸ்டேஷன் வாசலுக்குப் போகும்போது ரயில் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

எஞ்சின் போய் நின்றது பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில். தெய்வநாயகம் வெறுங்காலோடு ஓடினார். வடைக்காரர் விலகினார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் திட்டினார்கள். அவர் ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டி ஓடினார்.

எஞ்சின் ஜன்னலில் நீலச்சட்டையோடு செல்வி. தண்ணீர் சொட்ட ஓடிவரும் அப்பாவைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"அப்பா! என்னப்பா இது? டென்ஷனா?"

"இல்லட்டி!" மூச்சு வாங்கியது. "பயம். உன்னை இதுல பாக்கப் பயமா இருக்கு. பெருமையாவும் இருக்கு. கோவம் இல்ல. துளிகூட இல்ல."

இரண்டு சொட்டுக் கண்ணீர் வந்தது. ஏற்கெனவே நனைந்திருந்த முகத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.

"எனக்கும் பயந்தான்ப்பா," என்றாள் செல்வி. "காலையிலிருந்து சாப்பிடவே இல்ல."

"ஏம்மா, உங்கப்பாவா?" என்றார் உள்ளே இருந்த பெரிய ஓட்டுநர். "நல்லாத்தான் ஓடுதாரு. சிக்னல் விழுந்துட்டு, சீட்டுக்கு வா."

வண்டி நகர்ந்தது.

இருட்டுவதற்கு முன் தெய்வநாயகம் மடத்துக்குத் திரும்பினார். யாரோ அவருடைய செருப்புகளை ஜோடி சேர்த்து வாசலில் வைத்திருந்தார்கள். வடிவம்மை தட்டில் சோறும் முருங்கைக்கீரையும் வைத்துக்கொடுத்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேம்மா. ரெண்டையும்."

"பிள்ளை வந்தாளா?"

"எங்கம்மா வர? எஞ்சினை விட்டு இறங்கக் கூடாதே. ஜன்னல் வழியாக் கையை மட்டும் நீட்டினா. எக்கிப் பிடிச்சுக்கிட்டேன். கையெல்லாம் வேர்வை."

வடிவம்மை இன்னொரு கரண்டி கீரையை அவர் தட்டில் வைத்தார்.

"இன்னைக்கு நீங்க அடிச்ச மணிக்குச் சரியானதைத்தான் கொண்டு வந்திருக்கா."