மேல்மாடத்துப் பித்தளைக் கைப்பிடி

கொச்சியில் ஒரு யூத ஜெப ஆலயம். சனிக்கிழமைதோறும் மேல்மாடத்தில் நின்று, வேதமான தோராச் சுருளில் அந்த வாரப் பகுதியை வாசிப்பார்கள். வாசிப்பு முடிகிற நேரத்துக்குத்தான் தர்மகர்த்தா எலியாசர் முதலாளி வருவார். நேரே மேலே ஏறி, பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காலத்துக்கு அதில் என்ன பாடம் என்று பேசுவார். அடுக்குமாடி கட்டி விற்கிறவர். பேச்சை எழுதிக் கொடுப்பது என்னவோ, ஆலயம் பெருக்கும் நெகேமியாதான்.

அந்த வாரப் பகுதி, வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும், யாராவது விழுந்தால் பழி அவனுக்கே என்றது. பத்து நாள் முன்புதான் முதலாளியின் கட்டடத்தில், தடுப்பே இல்லாத ஏழாவது மாடியிலிருந்து சுடலை என்ற கொத்தனார் விழுந்து செத்திருந்தார். "குடிச்சிருந்தான், விழுந்தான்" என்று முதலாளி கைகழுவிவிட்டார்.

"நெகேமியா, சுவர், மாடி, சாவு, ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்தால் உனக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் பாடம் எல்லாருக்கும் உறைக்கணும்."

"அப்படியே எழுதுறேன், முதலாளி."

சனிக்கிழமை முதலாளி மேலே ஏறி, தாளைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார்: "இரண்டு எட்டு முன்னால் வந்து நின்று பேசுங்கள்."

நிமிர்ந்தார். மாட விளிம்பில் கைப்பிடியைக் காணோம். கால் நகரவில்லை. கீழே சபை முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கைப்பிடி எங்கேடா?"

"மெருகு போட நேற்றே கழற்றினேன், முதலாளி. இது பன்னிரண்டு அடிதான். குடிக்காத உங்களுக்கே கால் நடுங்குதே. சுடலை நின்றது ஏழாவது மாடி."