பட்டியலில் இரண்டாவது பெயர்

ஒரே கடலின் இரண்டு கரைகளில் இருந்துகொண்டு இரண்டு பெண்கள் ஒரே புல்லைப் படித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலடியில் வளரும் புல். ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வது அதைத்தான். ஒருத்தி பெல்சியா, தூத்துக்குடிக் கல்லூரியில் படித்தவள், வயது இருபத்திரண்டு. மற்றவள் சுவேந்தினி, மன்னாரில் பிறந்து இலங்கையின் வடக்கே பட்டம் வாங்கியவள். நாட்டு நிலவரத்தில் பரீட்சைகள் தள்ளித் தள்ளிப் போய், நாலு வருடப் படிப்பு அவளுக்கு ஏழு வருடம் இழுத்துவிட்டது. அடுத்த மாதம் முப்பது முடிகிறது.

மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகம், சுற்றியுள்ள நாடுகளிலிருந்து ஒரே ஒருவருக்குக் கடற்புல் ஆய்வுக்கு இடம் தருவதாக அறிவித்தது. முப்பதைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை. பட்டப்படிப்பில் அதிக மதிப்பெண் எடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படுவார். கடற்புல் படித்தவர்கள் ஊருக்கு எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஐந்து நாடுகளிலிருந்து ஒன்பது பேர் விண்ணப்பித்தார்கள். அனுமதிப் பிரிவைப் பார்த்துவந்த மாசிலாமணி, ஈப்போ ஊர்க்காரர், ஒன்பது எண்களையும் மேலிருந்து கீழாக அடுக்கினார். பெல்சியா எண்பத்தெட்டு, முதல் பெயர். சுவேந்தினி எழுபத்தொன்று, இரண்டாவது. முதல் ஆள் விலகினால் இடம் அடுத்தவருக்கு.

விசாத் தாள்களை விளக்குவதற்காக அவர் இருவரையும் ஒரே வாட்ஸப் குழுவில் சேர்த்தார். தாள்களைப் பற்றிய பேச்சு இரண்டு நாளில் முடிந்துபோயிற்று. மற்றப் பேச்சு முடியவில்லை. எந்தக் கரை மீன் ருசி என்பதில் பெரிய வழக்கே நடந்தது. அந்தச் சூட்டில் பெல்சியா சீண்டினாள்.

"மன்னார் மீன் திங்கிற மூளைக்கு எழுபத்தொண்ணுதானாக்கா?"

சுவேந்தினி கோபப்படவில்லை. தங்கள் பக்கம் எழுபதே பெரிய எண் என்றாள். எண்பது போட்டால் போட்ட ஆளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்களாம். பிறகு, சும்மா சொல்வதுபோல், "எங்கட பட்ச்ல அதுதான் முதலாவது, தங்கச்சி. அடுத்த ஆளுக்கு அறுபத்துநாலு" என்றாள்.

பெல்சியா தன் எண்பத்தெட்டை நினைத்துப் பார்த்தாள். தன் வகுப்பில் அவள் பதினொன்றாவது. அவர்கள் கல்லூரியில் நூற்றுக்கு இருபத்தைந்து ஆசிரியர் கையில் இருந்தது. ரெக்கார்ட் நோட்டில் படங்களை அழகாக வரைந்து, தேதி தப்பாமல் கொண்டுபோய் வைத்தவர்களுக்கெல்லாம் இருபத்துநாலு. அவள் நன்றாக வரைவாள்.

மறுநாளே மாசிலாமணிக்கு எழுதினாள்: இரண்டு நாட்டு எண்களும் ஒன்றல்ல, பட்டியல் தவறு. அவர் கூப்பிட்டுப் பொறுமையாகக் கேட்டார். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒன்பது பேரும் அந்த அறிவிப்பை நம்பித்தான் விண்ணப்பித்தார்கள்.

"பந்தியில உக்கார வச்ச பிறகு இலையை மாத்திப் போட முடியுமாம்மா? மனசு ஒப்பலன்னா நீ விலகிக்க. அடுத்த பேருக்குப் போயிடும்."

விலகுவது அவ்வளவு லேசாக இல்லை. பட்டமளிப்பு அங்கியோடு அவள் படம் போட்ட ஃபிளெக்ஸை, கல்லூரிக்காரர்கள் பேருந்து நிலையத்தில் கட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. விலகப் போகிறாள் என்று தெரிந்ததும், கல்லூரி மானமே போயிற்று என்று முதல்வர் கத்தினார். வீட்டிலும் வசவுதான். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அன்றே சுவேந்தினிக்கு அழைப்பு போயிற்று. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அவள் பதில் அரை மணியில் வந்தது.

"சேர், இந்தப் பட்டியல்ல இருந்து எனக்கு இடம் வேண்டாம். ஒன்பது பேரும் தங்கட வகுப்பில எத்தினையாம் ஆள் எண்டு விசாரிச்சுத் திருப்பி அடுக்குங்கோ. என்ர பேர் மேல வந்தா வாறன்."

மாசிலாமணி தலையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதிப் பதில் வாங்குவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும். போனால் இந்த வருடம் அந்த இடம் யாருக்கும் இல்லை. விஷயம் தெரிந்ததும் பெல்சியாவுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. உடனே கூப்பிட்டாள்.

"கையில குடுத்ததத் தட்டி விடுதியளேக்கா. இது வைராக்கியமா, வீம்பா? அடுத்த வருசம் ஒங்களுக்கு வயசு இருக்கா?"

"இல்லை" என்றாள் சுவேந்தினி. "தெரிஞ்சுதான் எழுதினனான்."

ஒருவர் அறிவித்த விதியை விடாமல் பிடித்தார். ஒருத்தி கிடைத்த இடத்தை விட்டுக்கொடுத்தாள். ஒருத்தி, விட்டுக்கொடுத்ததை வாங்க மறுத்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. சொல்லுங்கள், இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: மாசிலாமணி கொடுத்த வாக்கைக் காக்க நினைத்தார், அதில் பிழையில்லை. ஆனால் அறிவிப்பு அதிக மதிப்பெண் என்றதே ஒழிய, ஐந்து நாட்டு எண்களையும் ஒரே படியால் அளக்கச் சொல்லவில்லை. அந்தப் படி அவருடையது. பெல்சியாவின் முதல் கடிதம் சரி. இரண்டாவது கடிதத்தில் பெரிய மனது இருந்தது, கணக்குத்தான் பிசகிவிட்டது. முதல் பெயர் தவறாக வந்ததென்றால், இரண்டாவது பெயரும் அதே அடுக்கில் வந்ததுதானே? கீழே இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் யார் தம் வகுப்பில் முதலாவது என்று எவரும் கேட்கவில்லை, சுவேந்தினியைத் தவிர. அந்த ஏழு பேரில் இன்னொரு முதலாமவர் இருந்தால், மறுபடி அடுக்கும்போது தன் பெயரே கீழே இறங்கக்கூடும் என்பதும், அடுக்கி முடிப்பதற்குள் தன் வயது போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவே அவள் செய்ததே சரி. தனக்கு நியாயம் கிடைத்த இடத்தோடு அவள் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் ஒருவரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.