பார்க்க மட்டும்தான் உத்தரவு

கல்லேரிப்பட்டில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் உண்டு. ஓய்வு பெற்று வந்தவர்களுக்கோ, உத்தரவு போட ஆள் இல்லாவிட்டால் சோறு இறங்காது. ஹவில்தார் தணிகைவேலுவைத்தான் சொல்கிறேன். பெண்டாட்டி பூங்காவனம் "உக்காரு" என்றால் உட்காருவார். அவள் "எழுந்திரு" சொல்ல மறந்துவிட்டால், பாவம், பொழுது சாயும் வரை அப்படியே இருப்பார்.

இப்பேர்ப்பட்டவரைத் தேடி ஒரு மேஜர் வந்தார். சிப்பாய்களின் குடும்பத்தார் டவுனில் இருக்கிற பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குச் சிரமமில்லாமல் போய்ச் சேருகிறார்களா என்று அவருக்குத் தெரியவேண்டுமாம்.

"வீட்ல கிளம்பினதுலேர்ந்து டாக்டரைப் பாக்கிற வரைக்கும் பின்னாலயே போய்ப் பாருங்க. பார்க்க மட்டும்தான்! நடுவுல பூந்து ஒத்தாசை பண்ணீங்கன்னா நெசமான நிலவரம் தெரியாது."

தணிகைவேலு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். துணைக்கு, தன்னைப் போலவே ஓய்வு பெற்ற நாயக் ஏகாம்பரத்தையும் சிப்பாய் முனிரத்தினத்தையும் சேர்த்துக்கொண்டார். இருவரும் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் இல்லை. அதனால்தான் சேர்த்துக்கொண்டார்.

மறுநாளே வந்தது சோதனை. அவர் மருமகள் கற்பகத்துக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம். மகனோ எங்கேயோ எல்லையில் பனிக்குள் நிற்கிறான். தணிகைவேலு "சிப்பாய் குடும்பம் கிளம்பிடுச்சு!" என்று கூவிச் சைக்கிளில் ஏறினார். மாமியாரும் மருமகளும் ஆட்டோவில் முன்னால். மூன்று சைக்கிள்கள் வரிசை கலையாமல் பின்னால். அந்த ஆட்டோ போன வேகத்துக்குச் சைக்கிளே அதிகம்.

ஊர் எல்லைப் புளியமரத்தடியில் ஆட்டோ இருமிக்கொண்டே நின்றுபோனது.

"தள்ளினா கிளம்பிடும்" என்றான் டிரைவர்.

மூவரும் இறங்கினார்கள். விறைப்பாக நின்றார்கள். பார்த்தார்கள்.

"மாமா, தள்ளுங்க மாமா!" என்று உள்ளேயிருந்து கற்பகம் கதறினாள்.

"பாக்க மட்டும்தாம்மா உத்தரவு" என்றார் தணிகைவேலு. கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"யோவ்! உள்ள துடிக்கிறது உன் பேரப்புள்ளய்யா! கை இன்னா வெளங்காம பூட்டுதா?" என்று பூங்காவனம் கத்தினாள்.

மூவரும் ஒதுங்கிப்போய் ஆலோசனை நடத்தினார்கள்.

"கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளினா இன்னா சார்?" என்றான் முனிரத்தினம்.

"அப்போ யாரு பாக்கிறது? அதுவும் உத்தரவு மீறல்தான்" என்றார் ஏகாம்பரம்.

"முதுகைக் குடுத்துத் தள்ளினா?"

"ஆட்டோ பக்கம் திரும்பாம நிக்கிறது மரியாதையாடா?"

ஆட்டோவுக்குள் அலறல் கூடியது. முனிரத்தினம் தலையைச் சொறிந்தான். "சார்... டீ பிரேக்ல உத்தரவு செல்லாதுல்ல?"

தணிகைவேலு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விசிலை எடுத்து ஊதினார். "டீ பிரேக்!"

அடேயப்பா, என்ன தள்ளு! உயிரைக் கொடுத்துத் தள்ளினார்கள். ஆட்டோ ஒரு குதி குதித்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு டவுன் பக்கம் பறந்தது. மூவரும் கையைத் தட்டிக்கொண்டு மரத்தடிக்கே வந்து, இல்லாத டீக்காகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மறுபடியும் விசில். எழுந்து விறைத்து நின்று பார்த்தால், ஆட்டோவைக் காணோம்!

"இங்கதான சார் நின்னுச்சு?" என்றார் ஏகாம்பரம்.

"நாமதான தள்ளிவிட்டோம்?" என்றான் முனிரத்தினம்.

"பிரேக்ல நடந்ததெல்லாம் சேத்தி இல்லடா" என்று அதட்டினார் தணிகைவேலு. "விட்ட எடத்துலேர்ந்துதான் பாக்கணும்."

அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாயங்காலம் பூங்காவனம் சர்க்கரைப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தாள். "பேரன் பொறந்திருக்கான்யா! ஆஸ்பத்திரிக்குள்ள காலை வச்சதும் பொறந்துட்டான். ரெண்டு பேரும் சௌக்கியம்!"

தணிகைவேலு அழுதார், சிரித்தார், சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு நடுரோட்டில் ஆடினார். ஆடி முடித்ததும் சட்டையை இழுத்துவிட்டு, மேஜருக்குப் போன் போட்டார்.

"சார், நெலவரம் சொல்றேன் சார். கிளம்பின அம்மா புளியமரத்தாண்ட காணாம பூட்டாங்க, இன்னும் தேடிக்கிட்டிருக்கோம். ஆனா வீட்டுலேர்ந்து கிளம்பவே கிளம்பாத ஒரு கொழந்த நேரா ஆஸ்பத்திரிலயே வந்து சேந்துடுச்சு. எல்லாக் குடும்பமும் இனிமே அது மாதிரியே வரணும்னு ஒரு உத்தரவு போட்டுடுங்க சார், ஆட்டோவே வேணாம்!"