வைக்கோல் விழாத நாள்

ஞானம் தேடி வந்த நல்லசிவத்துக்குச் சடையாண்டி குரு கொடுத்த வேலை, மடத்தின் இளங்காளைகளுக்கு வைக்கோல் போடுவது. முதலில் முகம் சுளித்தான். பிறகு கை பழகிவிட்டது. போரிலிருந்து பிடுங்கி, தூசி போக உதறி, பூஞ்சணம் பிடித்ததை ஒதுக்கிவிட்டுத்தான் போடுவான். அவன் குரல் கேட்டாலே படுத்திருக்கும் காளைகள் எழுந்துவிடும்.

ஒருநாள் கசாப்புக்காரர் வந்தார். காளைகளின் விலாவை அமுக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சதை பிடிக்கட்டும், அப்புறம் ஓட்டிப்போகிறேன் என்றார். குரு தலையாட்டினார்.

மடத்தில் அடுப்பெரிவது எந்தக் காசில் என்று நல்லசிவத்துக்கு அன்றுதான் தெரிந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் குரு வெளியூர் போய்விட்டுப் பொழுது சாயத் திரும்பினார். கொட்டிலில் ஒரே கத்தல். தீனித்தொட்டியில் ஒரு துரும்பு இல்லை. நல்லசிவம் வைக்கோல் போரை மறித்துக்கொண்டு நின்றான்.

“காலையிலேருந்து போடல, சாமி. இனிமேலும் போட மாட்டேன்.”

குரு ஏன் என்று கேட்கவில்லை. அது அவன் ஆத்திரத்தை இன்னும் கிளறியது. கேட்காமலே கொட்டித் தீர்த்தான். கையால் ஊட்டி வளர்த்துக் கத்திக்குக் கொடுப்பவர் எந்த வாயால் தர்மம் சொல்கிறார் என்றான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டும் வேலைக்கு இத்தனை நாள் தன்னையும் கூட்டு சேர்த்துவிட்டாரே என்றான். அவன் குரல் உயர உயரக் காளைகளின் கத்தலும் உயர்ந்தது. கயிறு கழுத்தை இறுக்க, எல்லாம் அவன் பக்கமே இழுத்தன.

குரு முழுக்கக் கேட்டார்.

“நீ சொன்னது அத்தனையும் கேக்க வேண்டிய கேள்விதான். நான் பதில் சொல்லியாகணும். மத்தியானம் நீ சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“என்ன சாப்பிட்ட?”

“கூழு. மோர்மிளகா.”

“வயிறு நிறைஞ்சுதா?”

குரு அவனைத் தோளால் தள்ளிவிட்டு, போரிலிருந்து ஒரு கட்டு வைக்கோலை உருவினார். குருவுக்குக் கோபம் வந்து அவன் பார்த்ததே இல்லை. வைக்கோல் விழுந்ததும் கத்தல் அடங்கி, மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

குரு திரும்பினார்.

“பாவம் என்னுது. கோபம் உன்னுது. பட்டினி மட்டும் எப்படிடா அதுகளுது ஆச்சு?”