மஞ்சள் பாடிக்கு நாலு ஸ்க்ரூ

கரூரில், உள்ளங்கையில் அடங்கிவிடும் ரிமோட் கார் ஒன்றின் சேஸி இருந்தது. கவலைப்படுவதற்கென்றே பிறந்தது போல அது ஒரு நாளும் நிம்மதியாக இருந்ததில்லை.

சேஸி என்றால் காரின் அடிப்பாகம். மோட்டார், அச்சு, ஸ்பிரிங், பேட்டரி எல்லாவற்றையும் சுமப்பது அதுதான். மேலே கவிழ்த்து மாட்டுகிற பிளாஸ்டிக் கூட்டுக்குப் பாடி என்று பெயர். ஓடுவது சேஸி, பெயர் வாங்குவது பாடி. "அந்தச் சிவப்புக் கார் சூப்பர்" என்று சொல்வார்களே தவிர, அடியில் கிடக்கிற கறுப்புச் சட்டத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதற்காகச் சேஸி மனதுக்குள் புழுங்கியது உண்டு. ஆனால் அந்தச் சனிக்கிழமை வந்த கவலைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

காரின் சொந்தக்காரர் நாச்சிமுத்து. பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷமாக ஃபோர்மேன். அவர் கையால் கட்டிய பஸ் எந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் ஒரு ஜன்னல்கூடக் கடகடக்காது என்று ஊரில் பேச்சு. ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு இந்தச் சின்னக் கார் பைத்தியம் பிடித்தது. கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ரப்பர் பாய் விரித்து, பிளாஸ்டிக் பைப்பால் வளைவுகள் போட்டு, அவரைப் போன்ற பத்துப் பேர் பந்தயம் விடுவார்கள். அதில் மூன்று தடவை கலந்துகொண்டாயிற்று. மூன்று தடவையும் கார் கவிழ்ந்தது.

நான்காவது பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை, நாச்சிமுத்து மேஜை மேல் ஒரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதென்னங்க, இன்னொண்ணா?" என்றாள் அவர் மனைவி தெய்வானை.

"புதுச் சேஸி புள்ள. நாளைக்கும் இது குப்புற விழுந்துச்சுன்னா, சாமானையெல்லாம் கழட்டி இதுல போட்டுர வேண்டியதுதான். எத்தனை தடவதான் பொறுக்கறது?"

சேஸி அந்தப் பெட்டியையே பார்த்தது.

"பயப்படாதே" என்றது மோட்டார். "நான் அதுக்குள்ள போயும் இதே மாதிரிதான் சுத்தப் போறேன்."

"எங்களையும் எடுத்துக்குவாங்க" என்றன டயர்கள். "இன்னும் தேயவே இல்லையே நாங்க."

"அப்ப நான்?" என்று கேட்டது சேஸி.

பேட்டரி மெதுவாகச் சூடு ஆறிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து சேஸியை வெறுமனே ஹாலில் ஓட்டிப் பார்த்தார். நூல் பிடித்தாற்போல ஓடியது. முன் ஸ்பிரிங்கை மாற்றினார், இன்னும் நன்றாக ஓடியது. அவர் முகம் மலர்ந்தது. இந்தச் சின்னக் கார்க்காரர்கள் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பாடி இல்லாமல் எந்தச் சேஸியும் சமர்த்துதான்.

முதலில் சிவப்புப் பாடி வந்தது. உயரமானது, கனமானது, பக்கக் கண்ணாடியெல்லாம் வைத்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரிச் சேஸியை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தது. முதல் வளைவிலேயே இரண்டும் உருண்டன.

"உனக்குக் காலே நிக்க மாட்டேங்குது" என்றது சிவப்பு.

"நீ இவ்வளவு உசரமா உட்கார்ந்தா யார் காலும் நிக்காது" என்றது சேஸி.

அடுத்து மஞ்சள் பாடி. தாழ்வாக, லேசாக, ஓரிடத்தில் பெயிண்ட் உரிந்து இருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கி, அவ்வளவுதான் அதன் பிடி. மாட்டி விட்டதும் கார் வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போயிற்று. சேஸிக்குப் பல மாதங்களில் முதல் தடவையாகச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கவனம் பிசகி சோபாக் காலில் போய் முட்டியது. மஞ்சள் கழன்று ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடிவிட்டது.

சேஸிக்கு மானம் போனது. "அவ்வளவுதானா? ஒரு இடி விழுந்ததும் விட்டுட்டுப் போயிருவியா?" என்று கத்தியது.

"விட்டுட்டு எங்கே போனேன்? இடியை நான் வாங்கிட்டுக் கழண்டேன். இல்லேன்னா உன் முன்னச்சு முறிஞ்சிருக்கும்" என்றது மஞ்சள், இருட்டுக்குள்ளிருந்து.

சேஸியின் காதில் அது ஏறவே இல்லை. நாளைக்குப் பந்தயத்தின் நடுவில் இப்படிக் கழன்றால் என்ன ஆகும் என்ற பயம் ஒன்றுதான் அதற்குக் கேட்டது.

நாச்சிமுத்துவுக்கும் அதே பயம்தான். ஆனால் அவர் கையில் டிரில்லிங் மெஷின் இருந்தது. கொக்கியைக் கழற்றிவிட்டு, மஞ்சளின் நாலு மூலையிலும் துளை போட்டார்.

"இத்தினியூண்டு காருக்கு நாலு ஸ்க்ரூவாங்க?" என்றாள் தெய்வானை.

"பாடின்னா அசையக் கூடாது புள்ள. அசைஞ்சா கட்டுனவனுக்கு அசிங்கம்."

ஒவ்வொரு திருகுக்கும் சேஸி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றது.

"வலிக்குது. எனக்கு அசைய இடமே இல்லை" என்றது மஞ்சள்.

"அசையாம இருந்தாத்தான் போக மாட்டே" என்றது சேஸி. அன்று அது கொஞ்சம் தூங்கியது.

ஞாயிறு காலை மண்டபத்தில் முதல் சுற்று தொடங்கியது. முதல் வளைவிலேயே கார் மல்லாந்தது. யாரோ எடுத்து நிமிர்த்தினார்கள். நாலாவது வளைவில் மறுபடியும் மல்லாந்தது. சேஸிக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று இதே மஞ்சளோடு எவ்வளவு அழகாகத் திரும்பியது! அதன் இடுப்பில் மெல்லிய தகடு ஒன்று உண்டு. திரும்பும்போது அந்தத் தகடு வளைந்துகொடுத்தால்தான் நாலு டயரும் தரையில் படியும். இன்று நாலு ஸ்க்ரூவும் பாடியையும் சேஸியையும் ஒரே கட்டையாக இறுக்கிவிட்டிருந்தன. தகடு வளையவில்லை. உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொண்டது, கார் மொத்தமாகச் சாய்ந்தது.

"அண்ணா, உங்க வண்டி ஆமையாட்டம் மல்லாந்து கெடக்குதுங்க" என்று சிரித்தாள் மெர்லின். ஐந்தாம் நம்பர் காரை ஓட்டும் நர்ஸ் அவள்.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். "எங்கயோ லூஸா இருக்குது" என்று முணுமுணுத்து, நாலு ஸ்க்ரூவையும் இன்னும் கால் சுற்று முறுக்கினார். பிறகு புதுப் பெட்டியின் மூடியைத் திறந்து பக்கத்தில் தயாராக வைத்தார். உள்ளே மோட்டாருக்கும் அச்சுக்குமான காலி இடங்களைச் சேஸி பார்த்தது.

இரண்டாவது சுற்று தொடங்கியது. முதல் வளைவு வருவதற்குள் பின்பக்க ஸ்க்ரூ ஒன்று முனகியது.

"என்னால ஆகலை. போட்ட முறுக்குல மரையே தேஞ்சு போச்சு. இருக்கிற தெம்பை வச்சுப் பிடிக்கட்டுமா, விடட்டுமா? நீயே சொல்லு."

"பிடி!" என்றது சேஸி, யோசிக்காமல்.

வளைவு வந்தது. உள்பக்கச் சக்கரம் தூக்கியது. எப்படியோ கவிழாமல் தப்பித்தது. இன்னும் ஒன்பது வளைவுகள். பிடித்தால் கவிழ்வது நிச்சயம். விட்டால் மஞ்சள் பறந்துவிடும், பத்துப் பேருக்கு முன்னால் வெறுஞ்சட்டமாக ஓட வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் அந்தத் திறந்த பெட்டிதான். மஞ்சளிடம் கேட்கலாம் என்று தோன்றியது. என்ன பதில் வருமோ என்று பயந்து கேட்கவில்லை.

"சீக்கிரம் சொல்லு" என்றது ஸ்க்ரூ.

"விடு" என்றது சேஸி. அது தன் குரல்தானா என்று அதற்கே சந்தேகமாக இருந்தது.

ஒரு ஸ்க்ரூ பாயில் விழுந்து உருண்டது. அடுத்த நேரோட்டத்தில் எதிர்மூலை ஸ்க்ரூவும் விழுந்தது. மற்ற இரண்டும் ஒப்புக்குத் தொங்கின. வளைவு வந்தது. சேஸி கண்ணை மூடிக்கொள்ளாத குறைதான். இடுப்புத் தகடு வளைந்தது. மஞ்சள் ஒரு நூலளவு சாய்ந்து, திரும்பவும் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. நாலு டயரும் தரையில் படிந்தே இருந்தன.

அடுத்த வளைவில் போய்விடும் என்று நினைத்தது சேஸி. போகவில்லை. சரி, அதற்கடுத்ததில் போய்விடும் என்று நினைத்தது. கடைசி வளைவு வரைக்கும் இதே வேதனைதான். ஜெயிக்கிற காருக்குக்கூட இவ்வளவு படபடப்பு இருந்திருக்காது.

கார் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே ஓடியது. முப்பது வருஷமாக எந்தச் சத்தத்தை ஒழித்துக் கட்டினாரோ அதே சத்தம். நாச்சிமுத்துவுக்குக் காது கூசியது. ஆனாலும் ரிமோட்டை விட்டுக் கையை எடுக்கவில்லை. ஒரு தடவைகூடக் கவிழாமல் கார் நான்காவதாக வந்து சேர்ந்தது.

"ரெண்டு ஸ்க்ரூவக் காணோமுங்க" என்றாள் பந்தயம் பார்க்கக் கூட வந்திருந்த தெய்வானை, காரை எடுத்துக் கொடுத்தபடி.

நாச்சிமுத்துவின் கை பழக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தது. அவர் மஞ்சளை விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆடியது. இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு, மிச்சமிருந்த இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பழைய இரண்டு கொக்கியில் மஞ்சளை மாட்டினார்.

"பஸ்ஸு வேற, இது வேற புள்ள" என்றார், யாரோ வாதாட வந்தது போல.

"நான் ஒண்ணுஞ் சொல்லலையேங்க" என்றாள் அவள்.

அவர் புதுப் பெட்டியை மூடி, ரப்பர் பேண்டு போட்டுப் பைக்கு அடியில் வைத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் தெருமுனை வந்த பிறகு சேஸிக்குப் பொறுக்கவில்லை.

"ஸ்க்ரூ விழுந்தப்பவே நீ போயிருக்கலாமே. ஏன் போகலை?"

"போறேன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றது மஞ்சள்.