முரசுக்கு முந்திய கால்

முரசுச் சத்தம் வருவதற்கு முன்னாலேயே அதைக் கேட்டு ஒருத்தன் ஓடினான் என்று சொன்னால் நம்புவீர்களா?

முன்னொரு காலத்தில் மஞ்சணத்தி நாட்டை வெடிவேந்தன் என்றொரு ராசா ஆண்டார். மனசு குளிர்ந்தால் தோட்டம் எழுதி வைப்பார், சூடானால் தலையைச் சீவிவிடுவார். ஓலை கொண்டு ஓடுகிறவர்களுக்கு ஒரு தலைவன் வேண்டும் என்று ஒருநாள் பந்தயம் வைத்தார். ஓட வந்தது ரெண்டே பேர். ஒருத்தன் சேனாபதி வில்லவராயரின் அக்காள் மகன் செண்பகராயன். இன்னொருத்தன் கொம்பையா, அரண்மனைத் துணி வெளுக்கும் பொன்னுருவியின் புருஷன்.

முந்நூறு காலடி தூரம். அந்தக் கோடியில் கூடாரத்துக்குள் முரசு, இந்தக் கோடியில் ராசா. கொம்பையா புழுதி பறக்க வந்து பத்தடி முந்தி ஜெயித்தான். பொன்னுருவி குலவையிட வாயைக் குவித்தாள்.

"நிறுத்து!" ராசா எழுந்துவிட்டார். "முரசு கேட்பதற்கு முன்னாலேயே இவன் காலைத் தூக்கினான். கண்ணால் பார்த்தேன்!"

"நானும் பார்த்தேன் மகாராசா," என்றார் சேனாபதி ராயர். "எங்கள் பிள்ளை முரசோடு சரியாகத்தான் கிளம்பினான்."

"முரசு கேட்டுத்தான் ஓடினேன் சாமி!" என்று கொம்பையா கதறினான்.

"என்னை ஏமாற்றிய காலா? பொழுது சாய்வதற்குள் குதிகால் நரம்பை அறுங்கள்!"

கொடுமை என்னவென்றால், அவன் முந்திக் கிளம்பியதைப் பொன்னுருவியும் பார்த்திருந்தாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷனாயிற்றே! அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. இதே மாதிரி எங்கேயோ தினம் பார்க்கிறோமே?

"மகாராசா, ஒரு தடவை ஆத்தங்கரைக்கு வாங்க. நான் சொல்றது தப்புன்னா என் கையையும் சேர்த்து வெட்டுங்க," என்றாள்.

ராசா ராயரோடு ஆற்றங்கரைக்குக் கிளம்பினார்.

ராசாவை இக்கரையில் நிறுத்திவிட்டுப் பரிசலில் அக்கரைக்குப் போனாள். ஈரத்துணியைச் சுழற்றித் துவைகல்லில் ஓங்கி அடித்தாள். துணி கல்லில் விழுந்தது. சத்தத்தைக் காணோம். அவள் மறுபடி துணியைத் தூக்கும்போதுதான் 'தொப்' என்று வந்தது.

ராசாவுக்கு வாய் பிளந்துவிட்டது. "யோவ் ராயரே! துணி முன்னே, சத்தம் பின்னேயா? சூனியமா இது?"

"சூனியமில்லை மகாராசா," என்றாள் திரும்பி வந்த பொன்னுருவி. "கண்ணுக்கு உடனே தெரிஞ்சிடுது. சத்தம் பாவம், மெதுவாத்தான் வந்து சேருது. முரசுகிட்ட நின்ன எங்க வீட்டுக்காரரு அடிச்சதும் கேட்டு ஓடிட்டாரு. உங்க காதுக்கு வர அதுக்கு இன்னும் முந்நூறு காலடி பாக்கி."

"அப்படியானால் எங்கள் பிள்ளை சரியாகக் கிளம்பினானே, அது எப்படி?" என்று சீறினார் ராயர்.

"அதைத்தான் சாமி நானும் கேக்குறேன். அந்தச் சத்தம் இங்க வந்து சேர்ற வரைக்கும் உங்க பிள்ளை அங்க என்ன பண்ணிட்டிருந்தாரு?"

ராசா வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த இடத்திலேயே கொம்பையாவுக்குத் தலைவன் பதவி. இனிமேல் முரசடிக்கும்போதே ஒரு வெள்ளைத் துணியையும் வீச வேண்டும், துணியைப் பார்த்துத்தான் தீர்ப்பு என்றும் உத்தரவானது.

"ஆனாலும் எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. ராயரே, அக்கரைக்குப் போய் அவள் துணி மூட்டை முழுக்க அடியும். நான் பார்க்கிறேன்."

தலைப்பாகையோடு ராயர் துணியை ஓங்கினார். பொன்னுருவி பதறிப்போய் இக்கரையிலிருந்து கத்தினாள்:

"சாமி, அது மகாராசாவோட பட்டு! கொஞ்சம் பாத்து அடிங்க!"